நூறு யூனிட்டுக்குள் ஒரு சாம்ராஜ்யம்

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் மாடி வீடு பிடித்து, குடித்தனம் தொடங்கி நாற்பது நாள்கூட ஆகாத மாண்புமிகு என் மகன் சரவணனுக்கு, கடலூர் முதுநகரிலிருந்து உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். கொல்லையில் வாழையும் சுகம். நம் தெருவில் நண்டு சிண்டிலிருந்து நரைத்த தலை வரை ஏறக்குறைய எல்லோரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உலகத்தில் என்னை அப்பா என்று கூப்பிடும் ஒரே ஜீவன் நீ. அந்த ஒரே ஜீவனிடம் போனில் பேசலாம்தான். ஆனால் நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் "சரிப்பா, வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. எட்டுப் பக்கமும் படித்துத்தான் தீர வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் 'பசுமை வீடு' திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். படித்தேன். அடடா! ஒரு நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தில்கூட இவ்வளவு தலைப்புகள் இருக்காது. மொட்டை மாடியில் கம்போஸ்ட் டிரம், குளிக்கிற தண்ணீரில் கீரை, பிளாஸ்டிக்குக்கு வாசலிலேயே தடை, மாசாமாசம் மிச்சமாகிற பணத்தில் இரண்டே வருடத்தில் சோலார். எனக்கு மார்பு விரிந்த விரிவில் சட்டையின் மேல் பித்தான் தெறித்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது என்றால் நீ நம்ப மாட்டாய், நம்ப வேண்டாம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார்: "மாமனார் வீட்டு வாஷிங் மெஷின வர்ற ஞாயித்துக்கெழம வண்டில ஏத்தி விருத்தாசலத்துக்கே திருப்பி அனுப்பிடப் போறேம்பா. கரண்டும் மிச்சம், பூமிக்கும் நல்லது." அதைப் படித்ததும் விரிந்த மார்பு அப்படியே சுருங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த மெஷின் வண்டி ஏறுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் செவ்வாய்க்கிழமையே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடனே அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மெஷின் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் திட்டத்துக்கு இந்தப் பூமியில் என்னைவிடப் பெரிய ரசிகன் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். இந்தக் கடலூரில் என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் இன்னும் பிறக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையாமலே, வாசலில் இருக்கிற மீட்டரைப் பார்த்து அந்த வீட்டு ஜாதகத்தைச் சொல்லுவேன். மாமியார் வந்து தங்கியிருக்கிறாரா, பிள்ளைக்குப் பரீட்சையா, மகளுக்குப் பிரசவமா, புருஷனுக்கு வெந்நீர் இல்லாமல் குளியல் இறங்காதா, எல்லாம் அந்தச் சின்னச் சக்கரத்தில் தெரியும். சக்கரம் போய் எண் மட்டும் மின்னும் மீட்டர் வந்தபோதும் என் ஞானதிருஷ்டி குறையவில்லை. இப்படி ஊர் முழுக்க ஜாதகம் சொன்னவன் ஒரே ஒரு வீட்டில் மட்டும் கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், நான் உருப்படியாகச் செய்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். அப்பனுக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்ச வேண்டும் அல்லவா.

முதலில் மாடி. நீ இருப்பது மேல் மாடி, உனக்கு மேலே வெயில் மட்டும்தான். சித்திரையில் சிதம்பரத்து மொட்டை மாடியில் தோசை வார்க்கலாம், முறுகலாகவே வரும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊற வைத்து, பசை கலந்து மாடி முழுக்க வெள்ளையாக இரண்டு பூச்சு பூசு. நான் இங்கே பூசியபோது வழுக்கி வாளியோடு விழுந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக எழுந்து நின்றேன். கீழ் வீட்டுப் பிள்ளை "பேய் பேய்" என்று அலறி மூன்று தெரு ஓடியது. ஆனால் அந்தக் கோடையில் கூடத்தில் கால் வைத்தபோது நானே நம்பவில்லை. முன்பு விசிறி வெந்நீரைத்தான் தெளிக்கும். இப்போது காற்று வீசியது. ஏசி வாங்கலாமா என்று உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தது அத்தோடு நின்றது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு ஒரு ஏசியை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது.

அப்புறம் மோட்டார். காலையில் ஆறரை மணிக்கு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பார், ஏதாவது ஒரு மாடியிலிருந்து அருவி கொட்டும். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போன மகானுபாவர் பேப்பர் படித்து முடித்துத்தான் திரும்பி வருவார். தண்ணீரும் போச்சு, கரண்டும் போச்சு. தொட்டி நிறைந்தால் கத்துகிற ஒரு சின்ன அலாரம் இருக்கிறது, மாட்டிக்கொள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார், லகுவாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம், சிதம்பரம் முழுவதையும் நீ குளிர்வித்துக்கொண்டிருக்கிறாய். கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப் போட்டால் கேஸ் சிலிண்டர் உன் காலில் விழுந்து கும்பிடும். துறைமுகத்தில் மீன் வாங்கப் போகும்போது நான் எவர்சில்வர் டப்பா கொண்டுபோவேன். மீன்காரம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, மீனுக்கு டிபன் கட்டிக்கினு போறியா?" என்று கேட்டார். இப்போது நான் டப்பாவை நீட்டினாலே ஒரு மீன் கூடுதலாக விழுகிறது. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் வாழையும் கல்வாழையும் வைத்தேன். வாழை இப்போது எங்களை அதட்டுகிற உயரத்தில் நிற்கிறது. தார் போட்டால் தெருவே சாப்பிடலாம்.

இதில் நான் செய்த முதல் முட்டாள்தனத்தையும் கேட்டுக்கொள். இந்தப் பசுமை ஞானம் எனக்கு வந்த புதிதில், வீட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம், பருப்பு டப்பா, உப்பு டப்பா, நீ ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் வரை, மூன்று சாக்கில் கட்டிப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு மூங்கில் பிரஷ், தென்னை நார் தேய்ப்பான், கண்ணாடி ஜாடி, செம்புப் பாட்டில் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தது. ஒவ்வொரு ஜாடியையும் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக்கில் ஏழு சுற்றுச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் போட்டால் நான் எடைக்குப் போட்டதைவிட ஜாஸ்தி பிளாஸ்டிக் கூடத்தில் மலையாகக் கிடந்தது. உன் அம்மா துடைப்பத்தோடு வந்து நின்று, "ஏங்க, நல்லா இருக்கறத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறதுக்குப் பேரு சிக்கனமா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது புரியவில்லை. இருக்கிற டப்பா உடைகிற வரைக்கும் அதைப் புழங்குவதுதான் பூமிக்கும் நல்லது, சட்டைப் பைக்கும் நல்லது என்று புரிவதற்குள் ஒரு மாதப் பென்ஷனின் பெரும்பங்கு கண்ணாடி ஜாடியாக மாறி அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆகவே உன் தடை உத்தரவில் "இனி வாங்குவதில்லை" என்று மட்டும் எழுது. "இருப்பதை எறிவது" என்று இருந்தால் அடித்துவிடு. பென்ஷன் என்று சொல்லிவிட்டேன், அப்போது சம்பளம்தான். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தது. நீ பெங்களூரில் இருந்தாய். அதனால்தான் இனிமேல் சொல்லப் போவது எதுவும் உனக்குத் தெரியாது.

நம் ஊரில் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், முதல் நூறு யூனிட்டுக்குக் காசு கிடையாது, ஐந்நூறைத் தாண்டினால் விலை கழுத்தைப் பிடிக்கும் என்பதெல்லாம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஊரில் எத்தனையோ வீட்டு மீட்டர் அட்டையில் நான் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வசதியான வீடு எதிலும், ஒரே ஒரு தடவைகூட, பில் பூஜ்ஜியம் என்று எழுதியதில்லை. எனக்கு ஒரு வெறி வந்தது. ரிட்டயர் ஆவதற்குள் என் வீட்டு அட்டையில் பூஜ்ஜியம் எழுத வேண்டும். நூறு யூனிட்டுக்குள் ஒரு சாம்ராஜ்யம்! தினம் காலையில் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு முதலில் போய் நிற்பது மீட்டருக்கு எதிரில். சாமி அறை அதற்கு அப்புறம்தான். "நேத்திக்கி ரெண்டு புள்ளி மூணு! யாரு, எவ செஞ்ச வேலை?" என்று வாசலிலிருந்து முழங்குவேன். எவள் என்ன, வீட்டில் இருந்தது உன் அம்மா ஒருத்திதான்.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கிரைண்டரை நிறுத்தினேன், தோட்டத்து மூலையில் பாசி பிடித்துக் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி, "இதுல ஆட்டுன இட்லிக்கு ஈடு இணை உண்டா" என்று ஒரு சொற்பொழிவோடு சமையலறையில் கொண்டுவந்து வைத்தேன். மிக்சியை நிறுத்தினேன். வாஷிங் மெஷினுக்குப் பழைய போர்வையைப் போர்த்தி ஓய்வு கொடுத்தேன். ஃப்ரிட்ஜை நிறுத்தி அதில் துணி மடித்து வைக்கலாம் என்றேன். பகலில் விசிறி எதற்கு, கடற்காற்று வருகிறதே என்றேன். எங்கள் தெருவுக்குக் கடற்காற்று வருவதற்குள் அது துறைமுகத்து மீன் வாடையைத் தூக்கிக்கொண்டு எட்டு வளைவு திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேரும் என்பது உனக்கே தெரியும். சரவணா, நான் நிறுத்தியவற்றை வரிசையாக ஒருமுறை பார். எல்லாம் உன் அம்மா கையில் இருந்த சாமான்கள். ராத்திரிச் செய்தியும் அதற்குப் பின்னால் நாலு பேர் கத்துகிற விவாதமும் பார்க்கிற என் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு எதிரில் எனக்கு விசிறியும் ஓடியது. என் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி சுட்டுக்கொண்டுதான் இருந்தது. "ஆபீசுக்குப் போறவன் கசங்கின சட்ட போட முடியுமா?" என்று நானே கேட்டு நானே "முடியாது" என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இதில் கூத்து என்னவென்றால், எது எவ்வளவு தின்னும் என்று என்னைவிடத் தெரிந்தவன் மாவட்டத்தில் கிடையாது. வெந்நீர் போடுகிற ஹீட்டர் கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவையும் பாயசம் கேட்கிற ஆள். ஏசி அவனுடைய அண்ணன், சாம்பார் அண்டாவையே பக்கத்தில் வைக்கச் சொல்லுவான். இஸ்திரிப் பெட்டி அவர்களோடு வந்த தம்பி. பச்சைத் தண்ணீரில் துவைக்கிற வாஷிங் மெஷின் இருக்கிறதே, அது ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு அப்பளம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிற கூச்ச சுபாவக்காரி. அவளைப் போய்ப் பந்தியிலிருந்து எழுப்பினேன். அந்த இஸ்திரித் தம்பிக்கு இலை போட்டு உபசாரம் பண்ணினேன். தெரிந்தே செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் செய்தேன். அது அதைவிட மோசம்.

சொன்னபடி நடந்தது. தொண்ணூற்றெட்டு யூனிட்! என் கையாலேயே என் வீட்டு அட்டையில் பூஜ்ஜியம் எழுதினேன். அந்தப் பூஜ்ஜியத்தின் அழகை நீ பார்க்க வேண்டும், பௌர்ணமி நிலாவை இறக்கி ஒட்டியதுபோல் இருந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஊர்வலம் போனேன். ஆபீசில் அல்வா வாங்கிக் கொடுத்தேன். மேளமும் யானையும் ஏற்பாடு பண்ணியிருந்தேன், யானைக்குத்தான் அன்றைக்குத் தேதி கிடைக்கவில்லை. அடுத்த தடவையும் பூஜ்ஜியம். அதற்கடுத்த தடவையும். இப்படிப் பதினான்கு மாதம் நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

நம் பக்கத்து வீட்டு நூர்ஜகானை உனக்குத் தெரியும். லால்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், நோன்புக் கஞ்சி முதல் வாளி நமக்குத்தான் வரும். அவள் வீட்டு மீட்டரும் என் கையில்தான் இருந்தது. அந்தக் கடைசி ரீடிங்கில் அவள் வீட்டுக் கணக்கு ஐந்நூறைத் தாண்டி நின்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. என் சாம்ராஜ்யத்தின் எல்லையிலேயே இப்படி ஒரு ஊதாரித்தனமா! வாசலில் நின்றபடியே பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன். "என்னம்மா இது, வீட்ல கல்யாண மண்டபமா நடத்துற? கரண்ட்ட தண்ணியாட்டம் ஊத்துறியே! இப்டியே போனா கடல் பொங்கி முதுநகரையே முழுங்கிடும், அதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று ஆரம்பித்து, பனிமலை உருகுவது வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவில் சாய்ந்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா அண்ணே? தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி இருக்கட்டும், பதில் சொல்லு."

"உள்ள வாங்க, சொல்றேன்."

போனேன். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதன் கழுத்தில் உன் அம்மாவின் பெயர் பொறித்திருந்தது, எங்கள் கல்யாணத்துக்கு அவள் பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. நூர்ஜகான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். என் எவர்சில்வர் மீன் டப்பா அங்கே குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. கொல்லைக் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

"இது ஒங்க வீட்டு மாவு. அது ஒங்க வீட்டு மீனு. கொடில காயுதே, அது ஒங்க லுங்கி. இப்ப சொல்லுங்க அண்ணே, யாரு வீட்டுக் கல்யாண மண்டபம்?"

என் லுங்கி காற்றில் ஆடி என்னைப் பார்த்துக் கையசைத்தது. அப்புறம் அவள் குரல் இறங்கிப்போனது. "அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. ஆட்டுக்கல்ல குழவி புடிக்க முடியல. மத்தியானத்துல நம்ம வீட்டு ஃபேனுக்கு கீழதான் செத்த சாயிறாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் ஜாதகம் சொன்னவனுக்கு, என் மனைவி பக்கத்து வீட்டு விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்கிறாள் என்று தெரியாது. என் பூஜ்ஜியங்கள் எல்லாம் பூஜ்ஜியமே இல்லை. பூமிக்கு ஒரு துளியும் மிச்சமாகவில்லை. சுமை சுவர் ஏறிக் குதித்து அடுத்த வீட்டு மீட்டரில் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். நான் ஊர்வலம் போனது நூர்ஜகான் கட்டிய பில்லை முதுகில் ஏற்றிக்கொண்டு.

வீட்டுக்கு வந்தேன். வழி பத்தடிதான், அன்றைக்கு அது எனக்குப் பத்து மைல் ஆயிற்று. உன் அம்மா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், இடது கையால். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியை நான் தினம் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தலை நிமிராமலே, "படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எத?"

"நூரு வீட்டு மீட்டர. இன்னிக்கி அந்த வரிசதானே ஒங்களுக்கு."

"நீ சொல்லியிருக்கலாமேடி."

"ஏழு தடவ அவ வீட்டு மீட்டரப் படிச்சிங்க. ஒவ்வொரு தடவையும் இன்னிக்காவது கேப்பாரு, இன்னிக்காவது கேப்பாருன்னு ஒக்காந்திருந்தேன். ஏத்தம் தெரியாமயா இருந்திருக்கும்? ஒங்களுக்கா?" கீரைக் காம்பை ஒடித்துத் தட்டில் போட்டாள். "மொத மாசமே சொன்னேன், கை வலிக்குதுன்னு. ரெண்டு புள்ளி மூணுன்னீங்க."

சரவணா, நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், சண்டையில் எனக்குப் பயமில்லை. அவள் சண்டை போடவில்லை. கோபம்கூட இல்லை. கேட்பார் என்று காத்திருந்து, காத்திருந்து, இனிக் கேட்கமாட்டார் என்று முடிவுகட்டி, அடுத்த வீட்டில் தன் வீட்டைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டுவிட்டாள். என் வீட்டில் அவள் இருந்தாள், அவளுடைய வீடு அங்கே இல்லை. நீ தீபாவளிக்கு வந்து இட்லியைப் புகழ்ந்தாயே, "ஆட்டுக்கல்லு மாவு மாவுதாம்பா" என்று, அது நூர்ஜகான் கிரைண்டர் மாவு. இரண்டு ஆண் சிங்கங்களும் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு தின்றோம். உன் அம்மா இன்னொரு கரண்டி கொத்சு ஊற்றினாள்.

மறுநாளே ஆட்டுக்கல் தோட்டத்துக்குப் போனது. மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்தேன். துவைக்கிறது என் வேலையாயிற்று. மெஷின்தானே துவைக்கிறது, எனக்கு என்ன என்று நினைத்துத்தான் இறங்கினேன். அழுக்கைப் பிரித்து, காலரில் சோப்புத் தேய்த்து, சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்து, உலர்த்தி, எடுத்து, மடித்து வைப்பதற்குள் நடு முதுகு என்று ஒரு உறுப்பு எனக்கு இருப்பதே தெரியவந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலை என் கைக்கு வந்த பிறகுதான் நிஜமான சிக்கனம் கண்ணில் பட்டது. தினமும் அரை மெஷின் போடுவதைவிட மூன்று நாளைக்கு ஒருமுறை முழு மெஷின் போட்டால் தண்ணீரும் கரண்டும் பாதிதான். அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு வாழைக்கு விட்டேன். சட்டையை உதறி உலர்த்தினால் இஸ்திரியே வேண்டாம், ஆபீசில் என் சட்டையைப் பார்த்து ஒரு ஆளும் மயங்கி விழவில்லை. டிவியை ஒரு மணி நேரத்தோடு அணைத்தேன், நாடு நான் இல்லாமலே விவாதித்துக்கொண்டது. நூர்ஜகான் வீட்டுக்கும் எங்களுக்கும் வாரம் இரண்டு நாள் ஒரே கிரைண்டரில் சேர்த்து மாவு ஆட்டுகிறோம், ஒரு நாள் எங்கள் மீட்டரில், ஒரு நாள் அவர்கள் மீட்டரில். அந்தப் பழைய பில்லுக்காக நான் எதையோ நீட்டினேன். "அண்ணே, அசிங்கப்படுத்தாதீங்க. அடுத்த தாரு வெட்டுனா எனக்குப் பெரிய சீப்பு" என்று முடித்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் இருநூறுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. பூஜ்ஜியம் இல்லை. சின்னதாக ஒரு தொகை கட்டுகிறேன். ஆனால் இந்தக் கணக்கு நிஜம், இதில் எவர் கையும் வீங்கவில்லை.

ஆகவே உன் திட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு நான் இரண்டு கையாலும் ஓட்டுப் போடுகிறேன். சுண்ணாம்பு பூசு, கீரை போடு, சோலாருக்குச் சேர். என் பயம் வேறு இடத்தில். நேற்று சாயங்காலம் மருமகள் கயல் உன் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். அம்மா கையெல்லாம் மாவாக இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"மாமா, அத்த இருக்காங்களா? ஒண்ணுமில்ல, போர்வைய எப்டி புழியிறதுன்னு கேக்கலாம்னுதான். நா புழிஞ்சா தண்ணி சொட்டிக்கினே இருக்கு. ரெண்டு நாளா காயல." சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். டீச்சர் வேலைக்குக் காலை ஏழரை மணிக்கே பள்ளிக்கூட பஸ் பிடிக்கிற பிள்ளை, மாலையில் வந்து போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். மெஷின் இன்னும் வீட்டிலேயேதான் இருக்கிறது, கட்டிவைத்துவிட்டாய் போலிருக்கிறது.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். உன் அம்மா குனிந்து, "அது ரெண்டு பேரா புடிச்சாதாம்மா முடியும். அவன் எங்க?" என்றாள்.

"அவுங்க மாடில கம்போஸ்ட் டிரம்முக்குப் பச்ச பெயின்ட் அடிக்கிறாங்க அத்த."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. போனை வைத்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேனாவையும் இந்தத் தாள்களையும் என் முன்னால் வைத்தாள். "எல்லாத்தையும் எழுதுங்க. நூரு வீட்டு வெவரம் உள்பட. மறைக்காம" என்றாள். எழுதிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு "எங்க வீட்ல ஏன் சொன்ன?" என்று கயலிடம் போய் நின்றாயானால், அடுத்த பஸ்ஸில் நானே வருவேன். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போர்வையைப் பற்றித்தான் கேட்டாள். குறை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மெஷினைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை, அது நம் இரண்டு பேர் முடிவு செய்கிற விஷயமே இல்லை. சனிக்கிழமை அவளுக்கு லீவு. காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார். "மெஷின் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்காதே. "ஒங்க இஷ்டம்" என்பாள், அதை நீ பதில் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். "இந்த வீட்ல ஒனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேள். "ஒண்ணும் இல்லியே" என்பாள். அதுவும் பதில் இல்லை. அப்போது போன் அடிக்கும், எடுக்காதே. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தோன்றும், போகாதே. உன் திட்டத்தில் நாலு நல்ல வரி நினைவுக்கு வரும், வாயைத் திறக்காதே. நம் வம்சத்துக்கு அதுதான் மலையைத் தூக்குவதைவிடக் கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும். காபி ஆறிப்போகட்டும். அவள் மூன்றாவதாக ஒன்று சொல்லுவாள். அது வருகிற வரைக்கும் எழுந்திருக்காதே.

உன் அப்பா